தொட்டிக்குள் பிள்ளையார்

காலையில் விளக்கைப் போட்டதுமே அழகேசன் தொட்டியருகே ஓடினான். மீன் இரண்டும் தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்ணாடித் தொட்டி முழுவதும் அரிசி களைந்த தண்ணீரைப் போல வெளுத்துக் கிடந்தது.

கோலசிலாங்கூரில் கடல் மீனைக் குழம்புக்கு வாங்குவார்கள். அதை வரவேற்பறையில் வைத்து வளர்க்கிற கிறுக்கு அந்த வரிசை வீடுகளில் அழகேசன் ஒருவனுக்குத்தான். ரவாங் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மனைவி அம்சவள்ளிக்கு இரண்டாவது கருவும் தங்காமல் போன பிறகு, வீட்டில் உயிருள்ளது ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்றுதான் தொட்டியை வாங்கினான். அதை அவளிடம்கூட சொன்னதில்லை. இப்போது அவளுக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதுகூட இல்லை, அவ்வளவு பயம்.

நேற்று மாலைதான் தொட்டிக்குள் ஒரு பவளக் கல்லை இறக்கியிருந்தான். வெளிக்கடலுக்குப் போகிற ஜெராம் மீனவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. கடலிலிருந்து எடுத்த கல்லை அப்படியே போட்டால், அதிலிருக்கும் பூச்சி புழு செத்து அழுகி மீனைக் கொன்றுவிடும். அதனால் குளியலறை வாளியில் கடல் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, நாற்றம் அடியோடு போன பிறகுதான் போட்டான். பிறகு எப்படி இந்தக் கதி?

கல்லை வெளியே எடுத்துவிடலாம் என்று சட்டைக் கையைச் சுருட்டினான்.

"தொடாதீங்க!" அம்சவள்ளி சமையலறையிலிருந்து ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு வள்ளி. கல்லுலதான் கோளாறு. எடுத்தாத்தான் மீன் பொழைக்கும்."

"அது கல்லு இல்லைங்க. நல்லா பாருங்க லா, தும்பிக்கை இருக்கு, தொந்தி இருக்கு. நேத்து நீங்க வேலையிலேர்ந்து வர்றதுக்குள்ள பாலாபிஷேகம் பண்ணி, தொடச்சு, பழையபடி வாளியில வச்சிட்டேன்."

"பாலா? எவ்வளவு ஊத்துன?"

"பால்காரர் குடுத்தது பூரா. சாமி குடிச்சிருச்சுங்க. பாதிகூட கீழே வரல."

குடிக்காமல் என்ன செய்யும்? உடம்பெல்லாம் துளையுள்ள கல். குடித்ததையெல்லாம் இப்போது தொட்டிக்குள் கக்கிக்கொண்டிருந்தது. அழகேசனுக்குத் தலைக்கேறிவிட்டது. "உனக்கு மூளை கீளை இருக்கா?" என்று கத்தினான்.

அவள் அழவில்லை. "நான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். "சாமி அதுல உக்காந்திருக்கிற வரைக்கும், இந்தத் தண்ணி ஓடுற வரைக்கும், என் வயித்துல இருக்கிறது நிக்கணும்னு. இனிமே எடுக்கக் கூடாதுங்க."

அழகேசன் கோயிலுக்குப் போகிற ஆளில்லை. தைப்பூச லீவன்றும் வீட்டில் தூங்குகிறவன். ஆனாலும் சுருட்டிய கையை இறக்கிக்கொண்டான்.

கல்லை எடுக்க முடியாதென்றால் மீனைத்தான் எடுக்க வேண்டும். எடுத்து எங்கே விடுவது? நல்ல கடல் தண்ணீர் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. சாப்பாட்டுக் கடை ஜாபர் பாயிடம் வேனை வாங்கிக்கொண்டு ஜெராம் கடற்கரைக்குப் பறந்தான். கெட்ட நேரம், கடல் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் பீப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் புதையப் புதைய நடந்து தண்ணீரைப் பிடித்தான். விழுந்து எழுந்து வரும்போது வாய்விட்டு அழுதுகொண்டே வந்தான். பார்க்க ஆளில்லாதது நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது பெரிய மீன் மல்லாந்து கிடந்தது. சின்னதை வலையில் அள்ளி, புதுத் தண்ணீர் ஊற்றிய வாளியில் விட்டான். அதற்குக் காற்று வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரே மோட்டார், அதுவும் ஒரு குழாய்க்குத்தான் தாங்கும். தொட்டியிலிருந்து குழாயை உருவி வாளியில் போட்டான். மீன் மெல்ல அடிக்கு இறங்கி, செவுளை அசைத்தது. பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தான். தொட்டியில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது. தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. அம்சவள்ளி தொட்டியையே பார்த்தபடி சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

அவன் வாளியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். குழாயை வாளியிலிருந்து எடுத்து மறுபடி தொட்டியில் போட்டான்.

சாயங்காலத்துக்குள் சின்ன மீனும் போய்விட்டது. இரண்டையும் வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். அம்சவள்ளி பக்கத்தில் வந்து நின்று, "என்னை மன்னிச்சிருங்க" என்றாள். "போய்ப் படு. நிக்காத" என்றான். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே புகுந்துவிட்டிருந்தது.

கை கழுவிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. தெரு முழுக்க இருட்டு. மோட்டாரின் சத்தம் நின்றது.

அழகேசன் ஈரக் கையோடு ஓடினான். நாற்காலியில் காலை இடித்துக்கொண்டு, தொட்டியைத் தடவிப் பிடித்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டான். அந்தப் புளித்த தண்ணீரில் ஒரு உயிர்கூட இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் கலக்கினான். கை வலித்தபோது அடுத்த கையால் கலக்கினான்.

"என்னங்க, தண்ணி ஓடுதா?" அறைக்குள்ளிருந்து அவள் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"ஓடுது வள்ளி. நீ தூங்கு."