மெத்தைக் கடைக்காரரின் இடுப்பு

அவர் ஒரு மெத்தைக் கடையில் பதினொரு வருடமாக விற்பனையாளர். முதுகுவலிக்கு இதைவிட நல்ல மெத்தை கிடையாது என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வார். ஒரு செவ்வாய்க்கிழமை, அப்படிச் சொல்லிக்கொண்டே மெத்தையின் முனையைத் தூக்கிக் காட்டக் குனிந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அப்படியே மெத்தையில் சரிந்தார். வாங்க வந்த கணவனும் மனைவியும் அவர் படுத்துக் காட்டுகிறார் என்று நினைத்துக் காத்திருந்தார்கள். முக்கால் மணி நேரமாகியும் ஆள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சுகமா என்று இரண்டு மெத்தை வாங்கிப் போனார்கள்.

டாக்டர் நரம்பில் கோளாறில்லை, தசையில்தான் பலமில்லை என்றார். வலி அடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகச் சொன்னார். இதைக் கேட்டு, கூடப் போயிருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த தெரு ஜிம்மில் பயிற்சியாளராக இருப்பது அவள் தங்கைதான்.

மச்சினி முன்னால் மானம் போகக்கூடாதென்று, வலி விட்டதும் புது பனியன் மாட்டிக்கொண்டு போனார். அவள் கொடுத்தது ஒரு துடைப்பக் கம்பு.

"மாமா, பின்தலை, முதுகு, வால் எலும்பு, மூணு இடத்துலயும் கம்பு ஒட்டியே இருக்கணும். ரெண்டு கையிலயும் பெட்டி இருந்தா பின்பக்கத்தால கதவைத் தள்ளுவீங்கல்ல, அப்படிக் குனிங்க."

இரண்டு வாரம் கம்புதான். பிறகு ஐந்து கிலோ. பக்கத்தில் தபால்கார அம்மா ஒருவர் நாற்பது கிலோவை அலட்டிக்கொள்ளாமல் தூக்கி இறக்கினார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மச்சினி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, முப்பது கிலோ கம்பியைப் பிடித்து மூச்சடக்கி இழுத்தார். கம்பி அசையவில்லை. முதுகுதான் கேள்விக்குறியாக வளைந்தது.

"விடுங்க மாமா," என்று பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "மறுபடி பிடிச்சுக்கிட்டா அக்கா என்னைத்தான் கேப்பா. எந்த எடையா இருந்தாலும், இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம்னு தோணும்போதே நிறுத்திடணும்."

அவருக்குக் காது சூடானது. தானும் கம்பில்தான் ஆரம்பித்ததாகவும், நாற்பதுக்கு வர ஒன்றரை வருடம் ஆனதாகவும் தபால்கார அம்மா சொன்ன பிறகுதான் மனசு ஆறியது.

அதன்பின் வாரம் இரண்டு நாள் ஒழுங்காகப் போனார். லேசாகச் சுருக்கென்றால்கூட மறைக்காமல் மச்சினியிடம் சொன்னார். அவள் எடையைக் குறைத்துக் கொடுத்தாள். பத்து கிலோ பதினைந்தானது, பதினைந்து இருபதானது.

ஐந்தாம் மாதம் அந்த முப்பது கிலோ கம்பி முன்னால் நின்றார். இடுப்பைப் பின்னால் தள்ளி, வயிற்றை இறுக்கி, காலால் தரையை அழுத்தினார். கம்பி மேலே வந்தது. சந்தோஷத்தில் அப்படியே நின்றார். தபால்கார அம்மா பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நின்றார்.

"முதுகு நேரா இருந்துச்சு மாமா," என்றாள் மச்சினி. "இப்ப அதே மாதிரி கீழ வைங்க."

தூக்கியதை இறக்கவும் வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.