சத்தம் முந்தி, படம் பிந்தி

கேபிள்காரர் முத்துக்கண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, புது ஒயரை டிவிக்குப் பின்னால் திருகிவிட்டு, "இப்பப் பாருங்கண்ணே, படம் இனிமே உடையாது" என்றார். ஆசைத்தம்பி உடனே நம்பிவிடவில்லை. இழைத்த பலகையில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தார்; எதிரில் வந்து பார்த்தார்; வாசற்படி வரை போய்த் திரும்பி நின்று பார்த்தார். சாயங்காலம் போபாலில் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். தமிழ்நாட்டு அணியில் அவருடைய மகள் சண்முகப்ரியா ஆடுகிறாள். விளையாட்டுச் சேனலில் நேரடியாகக் காட்டப்போகிறார்கள். மகள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி இளமாறன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கண்டனூரில் ஒரே மனை. இரண்டு வீடு, நடுவில் இடுப்புயர மதில். அண்ணன் சமையலறை அலமாரி, கதவு என்று மரவேலை செய்கிறவர். தம்பி காரைக்குடியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். மனையைப் பிரித்தபோதுகூட முகம் சுளிக்காத இருவருக்கும், இளமாறன் மொட்டைமாடியில் டிஷ் மாட்டிய நாளிலிருந்து வழக்கு. கேபிளில் பச்சை எல்லாம் வெளுத்துப்போய் வருகிறது என்பான் தம்பி. டிஷ்ஷில் மனுஷர் முகம் மெழுகு பூசினது போல மினுங்குகிறது என்பார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்ட கையோடு இரண்டு வீட்டிலும் ஒரே சேனலை வைத்துவிட்டு, இங்கே கொஞ்ச நேரம், அங்கே கொஞ்ச நேரம் என்று மாறி மாறி உட்கார்ந்து பார்ப்பார்கள். தீர்ப்புக்கு ஆசைத்தம்பியின் மனைவி சரஸ்வதியைக் கூப்பிடுவார்கள். காரைக்குடியில் சேலைக்கடையில் வேலை பார்க்கிறவள். நிறத்தைப் பற்றி அவள் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

"மதினி, செய்தி வாசிக்கிற பொண்ணு கட்டியிருக்கிறது என்ன கலரு? நெசத்தைச் சொல்லுங்க" என்பான் இளமாறன்.

இந்த வீட்டில் கத்திரிப்பூ, அந்த வீட்டில் நல்ல ஊதா. எது உண்மை என்று சரஸ்வதிக்கே தெரியாது. தெரிந்தாலும் ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் கொழுந்தன். "அந்தப் பொண்ணை நேர்ல கடைக்கு வரச் சொல்லுங்க, சொல்றேன்" என்று எழுந்துவிடுவாள்.

இன்றைக்கு அவளுக்கு நிறம், துலக்கம் எதிலும் மனசில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவகங்கை மைதானத்தில், அவள் கண்ணெதிரில்தான் ப்ரியா விழுந்தாள். முழங்கால் திரும்பிய விதம் இப்போதும் சரஸ்வதியின் கண்ணை விட்டுப் போகவில்லை. மதுரையில் ஆபரேஷன், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பயிற்சி எல்லாம் முடிந்து மகள் தேறிக் களத்துக்குத் திரும்பிவிட்டாள். தாய்தான் தேறவில்லை. ப்ரியாவுக்கு ஆட்டம் என்றால் இவள் குன்றக்குடிக்கு பஸ் ஏறிவிடுவாள். மலைமேல் முருகன் கோயில் பிராகாரத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் முடிந்தது என்று போன் வந்த பிறகுதான் மலையிறங்குவாள். நேற்று ப்ரியா போனில் பேசும்போது, "அம்மா, இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் பாரு. முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். சரி என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாயைத் திட்டிக்கொண்டே அவள் டிவியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, சமையலறை நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டில் கூட்டம். இளமாறனின் மனைவி அகல்யா தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டு வைத்திருந்தாள். இந்த வீட்டில் ஆசைத்தம்பியும், தன் ஒயரின் மானம் காக்க அங்கேயே தங்கிவிட்ட முத்துக்கண்ணனும்தான். ஆட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டுவதற்குள் மதிலுக்கு அப்பால் கைதட்டல் எழுந்தது.

"இன்னும் தொடவே இல்ல, அதுக்குள்ள என்னத்துக்குக் கத்துறாக?" என்றார் ஆசைத்தம்பி. அவர் சொல்லி முடிக்கும்போது திரையில் அந்தப் பெண் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள்.

முத்துக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "டிஷ்ல மேல இருந்து நேரா வீட்டுக்குள்ள எறங்கிருதுண்ணே. நமக்கு ஆபீசுக்கு வந்து, அங்குட்டிருந்து ஒயர்ல வரணும்ல. ஒரு மூச்சு பிந்தத்தான் செய்யும்."

ஆசைத்தம்பி நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பி வீட்டில் மகள் முந்தி ஆடுகிறாள் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சரஸ்வதி முந்தானையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். திடீரென்று அந்தப் பக்கமிருந்து "அய்யய்யோ" என்று ஒரே குரலாக வந்தது. அவள் எழுந்து ஓடலாமா என்று கையை ஊன்றுவதற்குள் அகல்யாவின் கணீர்க் குரல் கேட்டது: "எந்திரிச்சிட்டா, ப்ரியா எந்திரிச்சிட்டா." அதன் பின்னால் கைதட்டல். அப்போதுதான் இவர்கள் வீட்டுத் திரையில் ப்ரியா எதிரணிப் பெண்ணின் இடுப்பில் பாய்ந்தாள். தூக்கி எறியப்பட்டு விரிப்பில் உருண்டாள். சரஸ்வதி முந்தானையை இறக்கிவிட்டு அதை முழுக்கப் பார்த்தாள். எழுந்துவிடுவாள் என்று தெரிந்த பிறகு விழுவதைப் பார்ப்பதில் என்ன பயம்? ப்ரியா எழுந்தாள். தொடையைத் தட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு சரஸ்வதி நிலையை விட்டு நகர்ந்து நகர்ந்து புருஷன் பக்கத்துக்கே வந்துவிட்டாள். மதில் பக்கம் ஒரு காது, திரைமேல் இரண்டு கண். அங்கே ஆரவாரம் என்றால் இவள் முன்கூட்டியே சிரித்தாள். அங்கே சப்தம் அடங்கினால் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். "இப்பப் பாருங்க, பிடிக்கப்போறா" என்று அவள் சொன்னபடியே ப்ரியா பிடித்தபோது, ஆசைத்தம்பி டிவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மகள் ஆட்டத்தில் இவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாகிறது.

இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. அந்த வீட்டில் யாரோ ரிமோட்டைத் தட்டுகிற சத்தம், இளமாறன் மாடிப்படி ஏறி இறங்குகிற சத்தம். பிறகு வாசலில் ஒரே கூட்டம். முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இளமாறன் நின்றான்.

"சிக்னல் போயிருச்சுண்ணே. மழை விட்டா வந்துரும்" என்றான்.

"உள்ள வா. எங்க வீட்டுக்குள்ள மழை பெய்யாது" என்றார் ஆசைத்தம்பி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, தன் நாற்காலியைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டார். அகல்யா வந்து சரஸ்வதியோடு ஒட்டி உட்கார்ந்தாள். வீடு நிறைந்துபோனது.

இரண்டாம் பாதி தொடங்கிய பிறகுதான் சரஸ்வதிக்கு உறைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. "காப்பி போட்டுக் கொண்டாரேன்" என்று எழப்போனாள்.

"காப்பி கெடக்கட்டும்க்கா. ப்ரியாவைக் காட்டுறாக பாருங்க" என்று அகல்யா கையைப் பிடித்து இழுத்தாள்.

திரை முழுக்க ப்ரியாவின் முகம். மைதானத்தில் உட்கார்ந்து பார்த்த காலத்தில் மகள் தூரத்தில் ஓடுகிற ஓர் உருவம்தான்; இவ்வளவு கிட்டத்தில் சரஸ்வதி பார்த்ததே இல்லை. மூக்கு நுனியில் வியர்வை. பக்கத்தில் நிற்கிறவளின் கையைக் கோத்துக்கொண்டு, எதிரில் பாடி வருகிறவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் பயம் இருக்கும் என்றுதான் இத்தனை நாள் சரஸ்வதி நினைத்திருந்தாள். பயமே இல்லை. எப்போது கிட்டே வருவாய் என்று ஆசையாகக் காத்திருக்கிற கண். உதட்டோரத்தில் ஒரு சிரிப்புக்கூட ஒளிந்திருந்தது. இந்தப் பிள்ளை அங்கே சந்தோஷமாக இருக்கிறாள். நான்தான் மலைமேல் உட்கார்ந்து தவித்திருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு விரிந்தும் வந்தது. காப்பியை மறந்தாள்.

கடைசி நிமிஷம். தமிழ்நாடு ஒரு புள்ளி முன்னால். எதிரணியின் பெரிய ஆட்டக்காரி பாடி வந்தாள். இந்தப் பக்கம் மூன்று பேர்தான் மிச்சம். அவள் இடது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி வலது பக்கம் காலை நீட்டினாள். ப்ரியா படுத்து அந்தக் கணுக்காலைப் பிடித்தாள். ஆட்டக்காரி நல்ல பலசாலி. ப்ரியாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டே நடுக்கோட்டை நோக்கிப் போனாள். மற்ற இருவரும் மேலே விழுந்தார்கள். எல்லாரும் ஒரே குவியலானார்கள். குவியலுக்கு அடியிலிருந்து ப்ரியாவின் ஒரு ஷூ மட்டும் வெளியே தெரிந்தது. விசில் ஒலித்தது. ஆட்டக்காரி கோட்டைத் தொட்டாளா இல்லையா என்று யாருக்கும் விளங்கவில்லை. சரஸ்வதி கண்ணை மூடவில்லை. அகல்யாவின் கையை நெரித்துக்கொண்டு அந்த ஷூவையே பார்த்தாள்.

ஷூ அசைந்தது. நடுவர் தமிழ்நாட்டுப் பக்கம் கையைத் தூக்கினார்.

வீடு அதிர்ந்தது. இளமாறன் அண்ணனைக் கட்டிக்கொண்டான். ஆசைத்தம்பி, "பாத்தியா, பாத்தியா, துளி உடையலை" என்றார்; மகளைச் சொன்னாரா படத்தைச் சொன்னாரா தெரியவில்லை. முத்துக்கண்ணன் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அமளியில் சரஸ்வதியின் போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, கோச்சு போன்லேர்ந்து பேசுறேன். பாத்தியா?"

"பாத்தேன்டி. ஒண்ணு விடாமப் பாத்தேன். நீ எங்க நிக்கிற?"

"களத்துலதான்ம்மா."

சரஸ்வதி திரையைப் பார்த்தாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிக்கொண்டு குதித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஓரமாக, ஒரு காதில் போனும் இன்னொரு காதில் விரலுமாக ப்ரியா நின்றாள். பேசியதெல்லாம் போனில் கேட்டு முடிந்த பிறகுதான் திரையில் அவள் வாய் அசைந்தது.

"பரிசு வாங்கப் போறதுக்கு முன்னாடி தலைமுடியை அள்ளிச் செருகுடி. ஊரே பாக்குது" என்றாள் சரஸ்வதி.

போனில் ப்ரியா கலகலவென்று சிரித்தாள். கூடத்தில் எல்லாரும் சத்தமடங்கித் திரையைப் பார்த்தார்கள். அங்கே ப்ரியா இன்னும் காதைப் பொத்திக்கொண்டு, அம்மா சொல்வதைத் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு திரைக்கு வந்து சேர்வதற்காகச் சரஸ்வதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.