இரண்டு கையும் மேலே

டிரில் டீச்சருக்கு உட்காருவது என்றாலே ஆகாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரம் நாற்காலியில் இருக்கச் சொன்னால் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடி, பக்கத்தில் இருப்பவர்களின் உயிரை வாங்குவாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் வலது முழங்கால் போயிற்று.

போனதும் சும்மா போகவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீளம் தாண்டிக் காட்டுகிறேன் பேர்வழி என்று மணல் குழியில் குதித்தாள். உள்ளே ஏதோ அறுந்த மாதிரி ஒரு சத்தம். எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

விஷயம் அக்காவுக்கு மட்டும் தெரியும். அக்கா மருத்துவமனையில் நர்ஸ். வாரம் தவறாமல் போனில் பிடித்து உலுக்குவாள்.

"ஸ்கேன் எடுக்க வாடின்னா கேக்குறியா? இப்படியே ஓட்டினா ஒருநாள் கால் மடங்கவே மடங்காது."

"எடுத்தா சீட்டுல எழுதிக் குடுப்பாங்கக்கா. அது ஸ்கூலுக்குப் போச்சுன்னா என்னைப் பதிவறையில உக்கார வெச்சிருவாங்க."

"உக்காந்தா என்ன, உயிரா போயிடும்?"

"போயிடும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த டிரில் மாஸ்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது அவரைப் பதிவறை நாற்காலியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆறு வருஷமாகிறது. அந்த அறையின் சன்னல் மைதானத்தைப் பார்த்தது. தினமும் முத்திரை குத்திக்கொண்டே அவர் பிள்ளைகள் ஓடுவதைப் பார்ப்பார். கண்ணில் பட்டால் கையை ஆட்டுவார். அந்தக் கையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பி விசிலை ஊதுவாள்.

குதித்துக் காட்ட முடியாது, ஓடிக் காட்ட முடியாது என்றான பிறகு என்ன செய்வது? 'நான் செய்யறதைப் பாத்துச் செய்' என்றே பதினெட்டு வருஷம் காலம் தள்ளியவள். எப்போதோ பயிற்சி முகாமில் கொடுத்த புத்தகம் ஒன்று வீட்டில் ஆடுகிற அலமாரிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் செய்து காட்ட வேண்டாம், குழந்தைகளே செய்து கண்டுபிடிக்கட்டும், விதிகளையும் அவர்களே போடட்டும் என்று அதில் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. அதை உருவி எடுத்தாள். மறுநாள் விசிலை ஊதிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தக் கோட்டுலேருந்து அந்தக் கோட்டுக்கு, ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையில படாம எத்தனை விதமாப் போகலாம்?"

மூன்றாம் வகுப்பின் இருபத்தாறு பிள்ளைகளும் சேர்ந்து பதினாறு விதம் கண்டுபிடித்தார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பெண்கூட உருண்டே போய்ச் சேர்ந்தாள். ஒரு வாரத்தில் கேள்விகளையும் அவர்களே எழுத ஆரம்பித்தார்கள். எழுதிய சீட்டுகளை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். வகுப்புக்கு ஒரு சீட்டு எடுப்பார்கள்.

விதிகளும் அவர்கள் போட்டவைதான். ஒருநாள் ஒருத்தி வயிற்றுவலியைச் சொல்லாமல் ஓடிச் சுருண்டு விழுந்தாள். அன்றைக்குச் சுகாதாரப் பாடத்தில் அதைப் பேசிப் பேசி ஒரு விதி செய்தார்கள். வலித்தால் இரண்டு கையையும் மேலே தூக்க வேண்டும். தூக்கியதைப் பார்த்ததும் மைதானத்தில் இருக்கிற எல்லாரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு பேர் மட்டும் போய் மூன்று கேள்வி கேட்பார்கள். எங்கே, எப்போதிலிருந்து, ஐந்து விரலில் எத்தனை விரல் வலி. வலிக்கிறவர் உட்கார வேண்டும், ஆனால் ஆட்டத்தை விட்டுப் போகக் கூடாது. அடுத்த சீட்டை அவர்தான் எடுப்பார்.

இந்த விதியைச் சொல்லி முடித்தது கணக்குப்பிள்ளை. டீச்சர் வைத்த பட்டப்பெயர் அது. எட்டு வயசு. படிக்கட்டு, சன்னல் கம்பி, தும்மல் என்று எதைப் பார்த்தாலும் எண்ணுவாள், எண்ணினால் தப்பவே மாட்டாள்.

வகுப்பைப் பற்றிய பேச்சு பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, தலைமையாசிரியை தலைகால் புரியாமல் பூரித்துப்போனாள். "மேற்பார்வை அதிகாரி உங்க கிளாஸைப் பாக்க வர்றாரு டீச்சர். புதுமுறைன்னா என்னன்னு மத்தவங்களும் கத்துக்கட்டும்!" டீச்சர் சிரித்து வைத்தாள். புதுமுறையாவது ஒன்றாவது, எல்லாம் நொண்டிச்சாக்கு என்று அவளுக்குத்தானே தெரியும். அந்த வெட்கம் முழங்காலைவிட அதிகமாகக் குத்தியது.

அதிகாரி வருகிற நாளன்று காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வலி மாத்திரை இரண்டு போட்டாள். வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவள் போல வராந்தாவுக்கும் மைதானத்துக்கும் அலைந்தாள். கோடு சரியாக இருக்கிறதா, பந்தில் காற்று இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாள். செருப்புப் பெட்டியில் இருக்கிற சீட்டுகளை மட்டும் பார்க்கவில்லை. அதற்குப் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார வேண்டும். அது அவளால் ஆகவில்லை.

அதிகாரி வந்தார். தேய்த்த கால்சட்டை, கையில் ஒரு படிவம். பின்னாலேயே தலைமையாசிரியை. டீச்சர் வணக்கம் சொல்லி, வரிசையெல்லாம் கிடையாது என்று விளக்கி, படியோரம் வைத்திருந்த பெட்டியைக் காட்டினாள். "நீங்களே ஒரு சீட்டு எடுங்க சார்."

அவர் எடுத்துச் சத்தமாகப் படித்தார். "நம்ம டீச்சர் மாதிரி வலது காலை மடக்காம படி இறங்க எத்தனை வழி?"

டீச்சர் வேறு சீட்டு எடுங்கள் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் இருபத்தாறு பேரும் வராந்தாப் படிக்கட்டில் ஏறிவிட்டார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்து ஒற்றைக் காலால் இறங்கினாள். ஒருவன் திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினான். நண்டு மாதிரி பக்கவாட்டில் இரண்டு பேர். கடைசியாக ஒருத்தி படியில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே வந்தாள்.

"ஏழு வழி," என்றாள் கணக்குப்பிள்ளை. "பின்பக்கமா இறங்குறது டீச்சரோடது. யாரும் பாக்கலைன்னு நெனச்சா அப்படித்தான் இறங்குவாங்க. நாங்க டீச்சருக்கு இன்னும் நல்ல வழி தேடினோம் சார்."

யாரும் சிரிக்கவில்லை. கிண்டலுக்காகச் செய்த காரியம் இல்லை அது. நாலு மாதமாகத் தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதிகாரி படிவத்தைத் தாழ்த்தினார். "காலுக்கு என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல சார். ரெண்டு நாளா லேசா ஒரு பிடிப்பு."

"ரெண்டு நாள் இல்ல டீச்சர்," என்றாள் கணக்குப்பிள்ளை. "எழுபத்தெட்டு நாள். லீவு நாளைச் சேக்கல."

இனி ஒரே ஒரு வார்த்தை போதும். சின்னப்பிள்ளை, தப்பா எண்ணிட்டா சார். அதிகாரி நம்பிவிடுவார், பெரியவர் சொல்வதை விட்டுக் குழந்தை சொல்வதை யார் நம்புவார்கள்? வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சன்னலில் பழைய மாஸ்டர் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரியாக எண்ணியிருக்கிறோம் என்பதில் அந்தப் பிள்ளையின் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. இந்தப் பிள்ளையைப் பொய்யாக்கிவிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு விசில் ஊதுவது?

டீச்சர் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

இருபத்தாறு பிள்ளைகளும் நின்ற இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அதிகாரி ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தார். பக்கத்தில் இருந்தவன் அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தான். "உக்காருங்க சார். கை தூக்கியிருக்காங்கல்ல?" தேய்த்த மடிப்போடு அவர் புழுதியில் உட்கார்ந்தார். தலைமையாசிரியையும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

கணக்குப்பிள்ளையும் இன்னொருத்தியும் எழுந்து வந்தார்கள்.

"எங்க டீச்சர்?"

"வலது முட்டி."

"எப்பலேருந்து?"

"நீ சொன்ன கணக்குத்தான்."

"எத்தனை விரல்?"

டீச்சர் மூன்று விரலைக் காட்டினாள். கணக்குப்பிள்ளை நகரவில்லை. நாலாவது விரல் பிரிந்தது. அப்போதும் அவள் நகரவில்லை. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது, கட்டைவிரலையும் பிரித்தாள்.

"அப்ப நீங்க உக்காரணும்."

கேள்வி கேட்க வந்த இரண்டு பேரைத் தவிர மைதானம் முழுக்க அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். இன்னொருத்தியின் தோளைப் பிடித்து, வலது காலை நீட்டி, மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். உயிர் போகவில்லை. முட்டியில் இருந்த விண்விண்ணென்ற தெறிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அதிகாரி உட்கார்ந்தபடியே ஏதோ கேட்க வாயெடுத்தார். கணக்குப்பிள்ளை உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். பிறகு ஓடிப்போய்ச் செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தாள்.

"எடுங்க டீச்சர். உக்காந்தவங்கதானே எடுக்கணும்."

டீச்சர் அதிகாரியைப் பார்த்தாள். அவர் மடியில் இருந்த படிவத்தை ஒருமுறை பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எடுங்க டீச்சர்," என்றார் அவரும். "விதின்னா விதிதான்."

அவள் பெட்டிக்குள் கையை விட்டாள். பிள்ளைகள் ஓடத் தயாராக முட்டி போட்டு எழுந்தார்கள்.