டிக்கெட்டில் வந்த வரி

என் வீட்டுக்காரர் கம்பைலர் எழுதுகிறவர். நாங்கள் எழுதும் நிரலை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடுக்கும் சமாச்சாரம் அது. ஒரே அலுவலகம், அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. பஸ் டிக்கெட் மிஷினுக்கான நிரல் என்னுடையது. அது நூறு டிக்கெட் ஒழுங்காக அடிக்கும், திடீரென்று படுத்துவிடும். மறுபடி ஓட்டினால், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல இருநூறு தாண்டியும் ஓடும். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறொருவரின் நிரல் பஸ் ஏறிவிடும். என் ஒரு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

நிரலை வெட்டி வெட்டிப் பார்த்தேன். பாதியை எறிந்தேன், படுத்தது. மீதியிலும் பாதியை எறிந்தேன், அப்போதும் படுத்தது. கடைசியில் எட்டே வரிகள் மிஞ்சின. அந்த எட்டில் தப்பு செய்யக்கூட இடமில்லை. அப்படியானால் கம்பைலர்தான்.

"என் கம்பைலர்ல தப்பு இருக்காது," என்றார் அவர், ராத்திரி வீட்டில் துணி மடித்துக்கொண்டே. "உன் புரோகிராமை நல்லாப் பாரு."

"எட்டு வரிங்க. ஒரு தடவை பாத்தா என்ன?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கி நானே மடித்தேன்.

மறுநாள், நிரல் எந்த இடத்தில் படுக்கிறது என்று பார்க்க, நடுவில் ஒரு வாக்கியத்தை அச்சிடச் சொன்னேன். 'இங்கே வந்தாச்சு' என்று எழுதுவதுதான் வழக்கம். இருந்த கடுப்பில் கை வேறெதையோ எழுதியது. ஓட்டினேன். நாள் முழுக்கப் படுக்கவில்லை. வரியை எடுத்தால் படுத்தது, போட்டால் ஓடியது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "ஓடுதில்ல? அந்த வரி அப்படியே இருக்கட்டும். கை வைக்காதீங்க."

"ஏன் ஓடுதுன்னு தெரியாம எப்படி சார்?"

"ஓடலைன்னாதான் ஏன்னு கேப்பாங்க. ஓடினா யாரு கேக்கப்போறா?"

திங்கட்கிழமை மிஷின்கள் பஸ் ஏறின. எங்கள் மேஜையில் அந்த வரி கணினித் திரையில்தான் வந்துகொண்டிருந்தது. பஸ் மிஷினுக்குத் திரை கிடையாது, காகிதம்தான் உண்டு என்பது எங்களில் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

மாலையில் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு டிக்கெட்டை என் முன்னால் வைத்தார். கட்டணத்துக்குக் கீழே பளிச்சென்று இருந்தது: 'தப்பு கம்பைலர்லதான். என் புருஷன் கேட்டாத்தானே.'

டிக்கெட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"பஸ்ஸே படிச்சு சிரிக்குது," என்றார். "பக்கத்து சீட்டு அம்மா என்கிட்டயே சொல்றாங்க, யாரு பெத்த பொண்ணோ, பாவம்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாங்க, பாவம்தான்னு சொன்னேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

"எங்க, அந்த எட்டு வரியைக் காட்டு."