ரோம் எங்கேயும் போகாது

டாக்டர் பேசியதில் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு விளங்கியவை இரண்டே சொற்கள்தான். சிக்ஸ் மந்த்ஸ். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னவாம் நீலா, ஆறு மாசம்?"

நீலவேணிதான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். லண்டனுக்கு வந்த பன்னிரண்டு வருடங்களில் கவுன்சில் கடிதம், விசா நேர்காணல், பல் வைத்தியம் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. இன்று அவர் கேட்கச் சொன்னது, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று. அவள் கேட்டது, இன்னும் எவ்வளவு காலம் என்று. கணையத்தில் தொடங்கியது ஈரலுக்கும் பரவிவிட்டது, வெட்டியெடுக்க முடியாது, ஆறு மாதம், கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம் என்றார் டாக்டர். கான்சர் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. வேறு நீளமான சொற்களைச் சொன்னார்.

"ஆறு மாசத்திலை சுகமாயிடுமாம்," என்றாள்.

அவர் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தாங்க்யூ, சேர். வெரி குட்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் கைப்பையை மூடினாள்.

சாவுச் செய்தியைக்கூட, கேட்கவேண்டியவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. அது மார்ச் மாதம்; மே மாதத்தில் இத்தாலிப் பயணம் இருந்தது. ரோம், புளோரன்ஸ், வெனிஸ், ஏழு நாள், பஸ்ஸில். இல்ஃபோர்ட் டிரவல்ஸில் பதிந்திருந்தார்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தபின் முதல் பயணம். அதைப் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள்.

அவர் அடுத்த நாளே வேலைக்குத் திரும்பினார். மூன்று கிழமை கழித்து, ஞாயிறு மத்தியானம், சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தார்.

"இத்தாலியை ஒக்டோபருக்கு மாத்திப்போட்டன்."

குசினிக் குழாயைத் திறந்தபடி நின்றவள் திரும்பினாள். "ஏன்?"

"பெற்றோல் ஸ்டேசனிலை என்னோடை வேலை செய்யிற தீபனுக்கு மேயிலை கலியாணம். பாவம், லீவு கிடைக்கேல்லை. என்ரை லீவைக் குடுத்திட்டன்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே."

"இதுக்கென்னப்பா கேள்வி? இந்த வயித்தோடை போய் மணிக்கூண்டு ஏறவோ? ஆறு மாசம் முடியட்டும். அங்கத்தைச் சாப்பாட்டை ஒரு கோப்பையாவது முழுசாச் சாப்பிட ஏலும்."

"மேயிலைதான் போகவேணும்."

அவர் சிரித்தார். "ரோம் எங்கையப்பா போகப்போகுது? ரெண்டாயிரம் வருசமா அங்கைதானே கிடக்கு. நீர் வரேல்லையெண்டு கோவிச்சுக்கொண்டு எழும்பி நடக்கப்போகுதோ?"

அவருடைய பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார். அதன் நுனி ஒரு சாணுக்கு வெளியே தொங்கியது. அவள் குழாயை மூடினாள்.

"டாக்குத்தர் அப்பிடிச் சொல்லேல்லை."

"எப்பிடி?"

"சுகமாகும் எண்டு சொல்லேல்லை. ஆறு மாசம்தான் எண்டவர்."

"என்ன ஆறு மாசம்?"

அவள் ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"கான்சரோ?" என்றார்.

"ஓம்."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "அந்தாளின்ரை கையைக் குலுக்கினனே. வெரி குட் எண்டனான்."

"இத்தாலியைப் பாத்திட்டு வந்து சொல்லுவம் எண்டு நினைச்சன்."

"இந்த மூண்டு கிழமையும் நான் என்ன செய்தனான், தெரியுமோ? ஓவர்டைம். படுத்துக் கிடந்த நாளுக்கு ஈடாகட்டும் எண்டு போன ரெண்டு ஞாயிறும் காசு மேசையிலை நிண்டனான்." குரலை உயர்த்தாமலே சொன்னார். "ஆரைக் காப்பாத்தப் பாத்தனீர்? என்னையோ, உம்மையோ?"

மறுநாள் டிரவல்ஸுக்கு அவரே போன் செய்தார். மே மாத பஸ்ஸில் அவர்களுடைய இடம் போய்விட்டிருந்தது. ஜூன் கடைசியில் இரண்டு இடம் இருந்தது. அதைப் பதியச் சொன்னார்.

"உம்மோடைதான் போவன்," என்றார் போனை வைத்துவிட்டு. "ஆனா புதன்கிழமை டாக்குத்தரிட்டை நீர் உள்ளுக்கு வரவேண்டாம். வேறை ஆரையும் ஒழுங்குபடுத்தும்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்றாள். இவ்வளவு நாளும் யார் செய்தார் என்று போனை எடுத்த பெண் கேட்டாள்.

"அவருடைய மனைவி. மனைவி இனி வரமாட்டார்."

புதன்கிழமை அவள் நடைவழி நாற்காலியில் இருந்தாள். கதவு சாத்தப்பட்டது. ஜூன் கடைசியில் பயணம் செய்ய முடியுமா என்று அவர் உள்ளே கேட்பார். டாக்டர் என்ன சொன்னார் என்பது, அவர் வெளியே வந்து சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.