இடுப்பில் இருந்த முப்பத்திரண்டு

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்த அன்னைக்கு வெங்கடேஷ்பாபுவுக்கு வந்த முதல் கவலை தன்னை மிரட்டிக்கிட்டு இருந்த சங்கிலிங்கிற ஆளைப் பத்தி இல்ல, வேட்டியைப் பத்தி. கலெக்டர் ஆபீஸ் படி இறங்கும்போதே இடுப்பைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. கல்யாணமான காலத்துல இருந்து வேட்டியும் அது மேல அகல பெல்ட்டுமா இருந்த இடுப்பு. சில்லறை, சாவிக்கொத்து, மூக்குப்பொடி டப்பா எல்லாம் அந்த பெல்ட்டுப் பைக்குள்ளதான். அதுல துப்பாக்கியையும் சொருகினா நடுரோட்டுல வேட்டி அவுந்து மானம் போயிருமேன்னுதான் மனுசன் யோசிச்சாரு.

கீழவாசல் பக்கம் சாயப்பொடிக் கடை அவருக்கு. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுற சௌராஷ்டிரா ஆளுக பாதிப் பேரு அங்கதான் பொடி வாங்குவாங்க. அவரும் அதே ஆளுதான். அப்பா காலத்துக் கடை, பின்னால சரக்கு அடுக்கி வைக்க நீளமா ஒரு கிட்டங்கி. அந்தக் கிட்டங்கி மேலதான் சங்கிலிக்குக் கண்ணு. சங்கிலி மேலூர்ப் பக்கத்து ஆளு. இடத்தை விக்க மாட்டேங்கிறவங்கள விக்க வைக்கிறதுதான் அவனுக்குத் தொழில். லாட்ஜு கட்டணும்னு யாரோ பெரிய கை கேட்டிருக்கு, இவன் வந்து நின்னுட்டான். முதல்ல பழத்தட்டோட வந்தான். அப்புறம் ஆளுகளோட வந்தான். ஒரு நாள் காலையில கடை திறக்கப் போனா பூட்டு மேல சாணியைக் கரைச்சு ஊத்தியிருந்துச்சு. வெங்கடேஷ்பாபு அதைக் கழுவி விட்டுட்டு நேரா லைசென்ஸுக்கு எழுதிப் போட்டாரு. செத்தாலும் அப்பா கடையைத் தர்றதா இல்ல அவரு.

துப்பாக்கி வாங்கப் போகையில கூடப் போனது ராஜாராம். தங்கச்சி ராதாமணியோட வீட்டுக்காரரு, கடையில கல்லாவுக்கு அடுத்த நாற்காலி அவருதுதான். மாப்ள இல்லாம வெங்கடேஷ்பாபு பல்லு குத்துற குச்சி கூட வாங்க மாட்டாரு, அம்புட்டு நம்பிக்கை.

கடைக்காரரு ஹாலாஸ்யம் அய்யரு. வாழ்க்கையில ஒரு கொசுவை அடிக்கவே யோசிக்கிற மனுசன், துப்பாக்கி விக்கிறாரு. கண்ணாடிப் பெட்டியைத் திறந்துக்கிட்டே பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாரு. குண்டோட அளவை வச்சுத்தான் துப்பாக்கிக்குப் பேரு; ஒன்பது எம்.எம்., முப்பத்தெட்டு, நாப்பத்தஞ்சு இதெல்லாம் போலீசுக்கும் பட்டாளத்துக்கும். நம்மள மாதிரி ஆளு அதுக்கு ஆசைப்படக் கூடாது. நமக்குன்னு விட்டு வச்சது முப்பத்திரண்டு, இருபத்திரண்டு. பழைய இருபத்தஞ்சு ஒண்ணு இருக்கு, உள்ளங்கையில மறையும், ஆனா அதுக்குத் தோட்டா தேடி அலையணும். அப்படின்னு சொல்லிட்டு ரெண்டு தோட்டாவை மேசை மேல நிறுத்தினாரு. இருபத்திரண்டு, சிலேட்டுக் குச்சி ஒடிச்ச துண்டு மாதிரி இருந்துச்சு. முப்பத்திரண்டு கொஞ்சம் தடியா, பாக்கவே ஒரு மரியாதையா நின்னுச்சு.

ராஜாராம் இருபத்திரண்டுதான்னு ஒத்தக்கால்ல நின்னாரு. லேசா இருக்கும், கையை உதறாது, இடுப்புல இருக்கறதே தெரியாது, மச்சானுக்கு வேற முதுகுவலின்னு அடுக்கினாரு. ஹாலாஸ்யம் சிரிச்சாரு.

“இருபத்திரண்டு பட்டா வலிக்கும் பாபு, இல்லேங்கல. ஆனா கோவமா வர்றவன் வலியைப் பாத்து நிப்பானா?”

அதோட முப்பத்திரண்டுதான்னு ஆயிருச்சு. அடுத்து ரிவால்வரா பிஸ்டலான்னு ஒரு மணி நேரம். ரிவால்வரை பெல்ட்டுப் பைக்குள்ள வச்சுப் பாத்தாரு. நடுவுல இருக்கற உருளை தொப்பையில முட்டி, கர்ப்பிணிப் பொம்பள மாதிரி நின்னாரு மனுசன். பிஸ்டலு தட்டை. சட்டையை இழுத்து விட்டா கணக்கா மறைஞ்சு போச்சு. பழசுதான், ஏதோ ஜமீன் வீட்டுல இருந்து விக்க வந்தது. வேட்டி அவுறாம இருக்க உள்ள ஒரு அரைஞாண் கயிறு கட்டிக்கங்கன்னு ஹாலாஸ்யம் யோசனை சொன்னாரு, அதையும் அன்னைக்கே வாங்கிக்கிட்டாங்க.

பலன் கிடைச்சுச்சு. அடுத்த தடவை சங்கிலி வந்து கல்லா மேல கையை ஊன்றினப்ப, வெங்கடேஷ்பாபு வலது கையை மெதுவா சட்டைக்குள்ள விட்டு பெல்ட்டு மேல வச்சாரு, அம்புட்டுத்தான். சங்கிலி அந்தக் கையைப் பாத்தான், சட்டை புடைச்சிருந்த இடத்தைப் பாத்தான். அப்புறம் வாரேன்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மாசக்கணக்கா அவன் தலை அந்தத் தெருவுல தெரியல. வெங்கடேஷ்பாபு மறுபடியும் ராத்திரி தூங்க ஆரம்பிச்சாரு, கடையில வேலை செய்யறவங்கள மறுபடியும் திட்ட ஆரம்பிச்சாரு.

இப்படி இருக்கையில வந்து சேந்துச்சு ரெண்டாயிரத்து ஒண்ணு சட்டசபைத் தேர்தல். தேர்தல் அறிவிச்சா லைசென்ஸ் வச்சிருக்கவங்க எல்லாம் துப்பாக்கியைக் கொண்டு போயி ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திரும்பக் கிடைக்கும். வெங்கடேஷ்பாபு இதை நினைச்சே பாக்கல. ஒப்படைச்சுட்டு வெளிய வந்தா இடுப்பு காத்துல பறக்கிற மாதிரி இருந்துச்சாம். துப்பாக்கி இல்லைங்கிறதை விட, இல்லைன்னு சட்டையைப் பாத்தே தெரிஞ்சு போகுமேங்கிறதுதான் பயம். சங்கிலி பயந்தது குண்டுக்கா? புடைப்புக்குத்தானே!

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. சாயப்பொடி நிறுக்கிற தராசு பக்கத்துல இருந்த படிக்கல்லு ரெண்டை எடுத்தாரு. அரைக்கிலோ ஒண்ணு, இருநூறு கிராம் ஒண்ணு. பிஸ்டலோட கனம் அவரு இடுப்புக்குத்தான் அத்துப்படியாச்சே. ரெண்டையும் கைக்குட்டையில சுத்தி பெல்ட்டுப் பைக்குள்ள வச்சாரு. அதே கனம், அதே புடைப்பு. நடந்து பாத்தாரு, உக்காந்து பாத்தாரு, அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல. படுக்கப் போகையில கழட்டி எப்பவும் போல பீரோவுல வச்சுப் பூட்டினாரு.

ஆனா கெட்டிக்காரத்தனம் பண்ணினா ஒருத்தர்கிட்டயாவது சொல்லணுமே, இல்லாட்டி மண்டை வெடிச்சிராதா? மறுநாள் கடையில, ஆளுக போகவர இருக்கறப்பவே, சௌராஷ்டிர பாஷையில ராஜாராம்கிட்ட சொன்னாரு. அது அவங்க வழக்கம். விலை பேசறது, வந்தவனைக் கேலி பண்றது, ரகசியம் எல்லாமே வீட்டு பாஷையிலதான். எதுத்தாப்புல நிக்கிறவனுக்கு ஒரு மண்ணும் புரியாது. அந்த பாஷையே ஒரு பூட்டுன்னு நம்பின ஜனம். அன்னைக்குக் கடையில இருந்த மத்தவங்க எல்லாம் தமிழாளுக. ராஜாராம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. மச்சான், இருபத்திரண்டு வாங்கியிருந்தா இருநூறு கிராமு மட்டும் போதுமேன்னாரு. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க.

ஓட்டுப்போடறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, உச்சிவெயில் நேரம். தெருவே சாப்பாட்டுக்குப் போயிருந்துச்சு. ராஜாராம் வாடிப்பட்டியில ஒரு ஆளைப் பாக்கணும்னு காலையிலயே கிளம்பிட்டாரு. கடைக்குள்ள சங்கிலி வந்தான், பின்னால ரெண்டு தடியனுங்க. ஒருத்தன் ஷட்டரைப் பாதி இறக்கினான். வெங்கடேஷ்பாபு பதறல. கையைச் சட்டைக்குள்ள விட்டு பெல்ட்டு மேல வச்சு, நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னாரு.

சங்கிலி ராஜாராமோட நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தான். அவன் மூஞ்சியில கோவமே இல்ல.

“கையை எடுங்கண்ணே. அரைக்கிலோ ஒண்ணு, இருநூறு ஒண்ணு. எடுத்துத் தராசுல வைங்க, யாவாரத்துக்கு வேணுமில்ல.”

வெங்கடேஷ்பாபுவோட கை பெல்ட்டு மேலயே மரத்துப் போய் இருந்துச்சு. தடியன் ஒருத்தன் வந்து அந்தக் கையை, குழந்தை கையை எடுக்கற மாதிரி எடுத்து விட்டுட்டு, பைக்குள்ள இருந்த கைக்குட்டையைப் பிரிச்சான். ரெண்டு கல்லையும் தராசுத் தட்டுல வச்சான். தட்டு டணார்னு கீழ போச்சு. மூணு பேரும் சிரிக்கல, அதுதான் இன்னும் கேவலமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் பேசினது கொஞ்சம்தான். பசுமலையில காலேஜு படிக்கிற அவரு மக காவ்யஸ்ரீ எந்த பஸ்ஸுல ஏறுவா, எந்த ஸ்டாப்புல தனியா இறங்குவாங்கிறதை சங்கிலி சாவகாசமா சொன்னான். கடை, கிட்டங்கி ரெண்டுக்கும் சேத்து கிரயப் பத்திரம் தயாராவே கொண்டாந்திருந்தான். வெங்கடேஷ்பாபு கையெழுத்துப் போட்டாரு. அப்பா பேரு எழுதற இடத்துல மட்டும் பேனா நின்னுச்சு, அப்புறம் அதையும் எழுதினாரு.

அவனுங்க போன பிறகு பாதி இறங்கின ஷட்டருக்குப் பின்னால ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. கடை போச்சேன்னு இன்னும் அழுகை வரல. மனசு ஒரே இடத்துல சுத்திச்சு. படிக்கல்லைப் பத்தின அந்தப் பேச்சு வீட்டு பாஷையில பேசினது. சங்கிலிக்கு அதுல ஒரு வார்த்தை தெரியாது. யாரோ ஒருத்தரு எதுத்தாப்புல உக்காந்து, அரைக்கிலோ எது, இருநூறு எதுன்னு தமிழ்ல எடுத்துச் சொல்லியிருக்கணும். அந்த யாரோ யாருன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வேற யாராவது இருக்க மாட்டாங்களான்னு வெறி பிடிச்ச மாதிரி தேடினாரு. ஒருத்தரும் கிடைக்கல.

அன்னைக்குத் துப்பாக்கிக் கடையில, மச்சானுக்கு முதுகுவலி, இருபத்திரண்டு போதும்னு ராஜாராம் அழுத்திச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. அப்பவே மனசுல இது இருந்துச்சா? இல்ல, அப்ப நெசமாவே முதுகுவலியைத்தான் நினைச்சாரா? கடையில பங்கு எழுதித் தாரேன்னு மாப்ளகிட்ட சொல்லிச் சொல்லி, இந்தத் தீபாவளி அந்தத் தீபாவளின்னு இவரு இழுத்தடிச்சது உண்மைதான். அதுக்காக? அடப்பாவி, சண்டை போட்டிருக்கலாமே, சட்டையைப் பிடிச்சிருக்கலாமேன்னு காலி நாற்காலியைப் பாத்து வாய்விட்டே கேட்டாரு.

சாயங்காலம் ராஜாராம் வந்தாரு. விஷயத்தைக் கேட்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு, போலீசுக்குப் போவோம்னு குதிச்சாரு. படிக்கல்லு விஷயம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு மட்டும் கேக்கல. மகளை நினைச்சு வெங்கடேஷ்பாபு போலீசுக்குப் போகவும் இல்ல, மாப்ளகிட்ட ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. கேட்டா தங்கச்சி வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்துரும். ராதாமணிக்கு இதெல்லாம் தெரிஞ்சா அந்த ஆளோட ஒரு நாள் இருக்க மாட்டா. பாவம், அவ என்ன பண்ணுவா. அந்த ஒரு நினைப்புதான் அவரு கையைக் கட்டிப் போட்டுச்சு.

தேர்தல் முடிஞ்சு பிஸ்டலைத் திருப்பிக் குடுத்தாங்க. ஸ்டேஷன்ல இருந்து நேரா தங்கச்சி வீட்டுக்குப் போனாரு. பெல்ட்டுப் பைக்குள்ள முப்பத்திரண்டு, தோட்டா போட்டு. கையில ஒரு மஞ்சப்பை. ராஜாராம் வீட்டுல இருந்தாரு, மச்சான் இடுப்பைப் பாத்ததும் வேர்த்துப் போச்சு அவருக்கு. வெங்கடேஷ்பாபு மஞ்சப்பைக்குள்ள கையை விட்டு, அந்த ரெண்டு படிக்கல்லையும் எடுத்து மாப்ளைக்கு முன்னால இருந்த ஸ்டூல் மேல வச்சாரு. ராஜாராம் தலையைக் குனிஞ்சவரு நிமிரல. இதோட போதும்னு இருந்துச்சு வெங்கடேஷ்பாபுவுக்கு. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும், ராதாமணி வந்து என்னண்ணா இதுன்னு கேட்டா, கடைதான் இல்லையே, வீட்டுல நிறுக்க வச்சுக்கம்மான்னு சொல்லிட்டுப் போயிரலாம்னு வச்சிருந்தாரு.

ராதாமணி ரெண்டு டம்ளர் காபியோட வந்தா. சின்ன வயசுல இருந்து வீட்டுக்குள்ள ஒரு குண்டூசி புதுசா வந்தாலும் எங்க வாங்கினது, எதுக்குன்னு கேட்டுக் குடையற பிள்ளை அவ. ஸ்டூலைப் பாத்தா. படிக்கல்லு ரெண்டையும் பாத்தா. டம்ளர் வைக்க இடமில்லாம, அரைக்கிலோவையும் இருநூறையும் ஒண்ணொண்ணா நகர்த்தி ஓரமா வச்சா.

வெங்கடேஷ்பாபு அவ கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தாரு. உனக்கு எதுவும் தெரியாதுன்னா கேட்டிரு தாயி, ஒரே ஒரு தடவை கேட்டிருன்னு உள்ளுக்குள்ள கெஞ்சினாரு.

அவ கேக்கல. காபி ஆறிடும்னு வீட்டு பாஷையில சொன்னா, அண்ணன் மூஞ்சியைப் பாக்காம.

வெங்கடேஷ்பாபு எந்திரிச்சாரு. வேட்டியை இறுக்கிக்கிட்டு, பிறந்ததுல இருந்து தங்கச்சிகிட்ட ஒரு நாளும் பேசாத தமிழ்ல, கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்ற மாதிரி, “நான் வாரேம்மா”ன்னு சொல்லிட்டு வெளிய வந்து செருப்பை மாட்டினாரு.