சரவிளக்குத் தரிசனம்

எங்கள் குவாண்டம் கணினி விண்வெளியை விடக் குளிர்ந்தால்தான் வேலை செய்யும். அதற்கென்று ஆளுயரக் குளிர்கலன். மூடியிருந்தால் வெறும் வெள்ளை டிரம். திறந்தால் தங்கமுலாம் தட்டுகள் சரவிளக்காய்த் தொங்கும். ஆனால் திறப்பதற்கு அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மறுபடி குளிர ஐந்து நாள். குளிர்ந்தாலும் உள்ளிருக்கும் சில்லு குணம் மாறிவிடும். பழைய அளவுகளோடு புதியவற்றைச் சேர்க்க முடியாது.

கணக்கில் பிழைகள் ஏன் திடீரென்று கொத்தாக வருகின்றன என்று எழுபது நாள் தொடர்ந்து அளக்க வேண்டியிருந்தது. அறுபத்தாறாவது நாள் இயக்குநர் கூப்பிட்டார். மேடையில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்பதால் ஆய்வகத்தில் அவருக்கு ‘மைக்’ என்று பெயர். வியாழக்கிழமை அமைச்சர் வருகிறாராம். டிரம் படத்துக்கு எடுபடாதாம்.

“திறந்து வைம்மா. தங்கம் தெரியணும்.”

“தங்கம் தெரிஞ்சா கணினி ஓடாது சார்.”

“ஓடுற மாதிரி திரையில ஏதாவது போட்டுடலாம்.”

இவர் குளிர்கலன்களைப் பற்றியே ஆய்வு செய்து முனைவரானவர். தெரியாமல் சொன்னால் மன்னிக்கலாம். நாலே நாள் கேட்டேன். நாட்டு நலன் என்றார்.

பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே நிறுத்தினார். வெப்பநிலைக் கோடு ஏற ஏற என் இரண்டு மாதம் ஆவியானது. தங்கம் காட்டும் கதையைச் சொன்னதும், நகைக்கடை வியாபாரம் எப்படிப் போகிறது என்று வீட்டில் கணவர் கேட்டார். அன்று அவரோடு பேசவில்லை.

வியாழனன்று திரையில் போன வருடத்துப் பதிவு ஓடியது. இந்த நொடியில் கோடிக்கணக்கான கணக்குகள் நடப்பதாக மைக் முழங்கினார். அமைச்சர் தங்கத் தட்டை ஆசையாகத் தடவினார்.

“இவ்வளவு குளிர்ங்கறீங்க, கையில ஒண்ணும் தெரியலையே?”

“அதான் சார் எங்க தொழில்நுட்பம்.”

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அமைச்சர் என் பக்கம் திரும்பி, இப்போது என்ன கணக்குப் போடுகிறது என்று கேட்டுத் தொலைத்தார்.

“ஒண்ணும் போடலை சார். நீங்க பார்க்கணும்னு நிறுத்தி வச்சிருக்கு. இந்த மேசை எவ்வளவு சூடோ அதுவும் அவ்வளவுதான். என் அறுபத்தாறு நாள் வேலை போச்சு.”

அமைச்சர் என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு புகைப்படக்காரரைப் பார்த்தார்.

“படம் எடுத்தாச்சா?”

எடுத்தாகிவிட்டது. கிளம்பினார்கள்.

மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம். ஓரத்தில் நின்ற என்னை வெட்டியிருந்தார்கள். ஆய்வகத்தில் தட்டின்மேலோ அமைச்சரின் ஐந்து விரல் ரேகைகளும் அப்படியே இருந்தன. துடைக்காமல் மூட முடியாது. அண்ணன் ஸ்பிரிட் புட்டியையும் துணியையும் நீட்டினார். வாங்கிக்கொண்டு நேராக மைக்கின் அறைக்குப் போனேன். என்னிடம் விளக்கம் கேட்கும் கடிதம் கையெழுத்துக்காக மேசைமேல் காத்திருந்தது. அதன்மேலேயே புட்டியை வைத்தேன்.

“துடைச்சுக் குடுங்க சார். நான் முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கணும்.”